அடிக்கயிறு

இல்லை, தந்தி வரவில்லை. தொலைபேசியும் வரவில்லை. சொல்லி அனுப்பும் அளவுக்கு எனக்கும் அவருக்கும் நடுவே உறவு ஏதும் மிச்சமிருப்பதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் பூ வாங்கும்போது தெரிந்துகொண்டேன்.

பூக்காரப் பெண் செல்வி, அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவைச் சேர்ந்தவள். நான் இப்போது பூந்தமல்லியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அவளிடம் பூ வாங்குவேன்.

"இன்னாக்கா, ஊருக்குப் போவலியா?"

"எதுக்கு?"

"ஐய, ஒனக்குத் தெரியாதா? அந்த வலைக்காரம்மா பூட்டாங்க. மூணு நாள் காய்ச்சலாம். திங்கக்கெழமயே எடுத்துட்டாங்க."

யார் என்று உடனே தெரிந்தது. ஆனாலும் யார் என்று கேட்டேன்.

"அதான்க்கா, எங்க ஊட்டுக்கெல்லாம் தண்ணி உட்டாங்களே. அவுங்க."

முழம் போட்டபடியே சொன்னாள். அதில் கோபம் இல்லை. ஒரு கடைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை.

அவர் பெயர் மரிய புஷ்பம். நாற்பத்தைந்து வயது. ஆவடியில், ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தார். ஏரிக்கரையில் அவருக்கு இருக்கும் பெயர் தண்ணி விட்ட அம்மா. அந்தப் பெயர் அவருக்கு உரியது அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்தின் மலருக்கு ஒரு இரங்கல் குறிப்பு வேண்டும், ஒரு பக்கம் போதும் என்றார்கள். போதாது.

*

நாங்கள் குடியிருந்த இடத்தை எல்லோரும் நகர் என்றே சொல்வார்கள். தொழிற்சாலை ஊழியர்கள் சேர்ந்து வாங்கிப் போட்ட மனைகள். என் அப்பா அங்கே பண்டகசாலை எழுத்தர், சங்கத்துக்குச் செயலாளர். நகருக்குப் பின்னால் ஏரி. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, ஓடையாகப் போய்க் கூவத்தில் சேரும். ஓடையின் மறுகரையில் ஏரிக்கரைத் தெரு. முன்பு அந்த ஏரியின் தண்ணீரில் விளைந்த நிலங்களில் கூலிக்குப் போனவர்கள், இப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். இரண்டு தெருக்களுக்கும் நடுவே பனங்கட்டையால் ஒரு பாலம் இருந்தது. அதை யாரும் அதிகம் பயன்படுத்தியதில்லை.

புஷ்பம் அக்கா எண்பதுகளின் நடுவில் அங்கே வந்தார். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊர் அவருடையது. கணவர் அதே தொழிற்சாலையில் தையல்காரராக இருந்து, வீட்டின் முதல் சுவர் எழும்பும்போதே இறந்துபோனார். வேலை அக்காவுக்குக் கிடைத்தது. மீதிச் சுவர்களை அவரே எழுப்பினார். குழந்தைகள் இல்லை. வீட்டில் ஒரு தையல் இயந்திரம், ஒரு மாதா படம், ஒரு ஸ்டவ். பேச்சு கடைசிவரை மாறவில்லை. இங்கே பதினைந்து வருடம் இருந்தும், கீது என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

நான் அவரை அறிந்தது ஒரு பையால்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் வந்திருந்த புதிது. கறிக்கடையில் கறுப்பு, காய்கறிக்கடையில் நீலம். அக்கா ஒவ்வொரு வீடாக வந்து பழைய காக்கிக் கால்சட்டை கேட்டார். நகரில் அது இல்லாத வீடு இல்லை. ஒரு காலுக்கு ஒரு பை. அடிப்பக்கம் இரட்டைத் தையல். பின்பக்கப் பாக்கெட்டை அப்படியே விட்டிருந்தார், கறிவேப்பிலைக்கு. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன முதல் நாள், மறுகரையிலிருந்து, ஏரிக்கரைத் தெருக்காரரான தேசிங்கு கத்தியது வீடுவரை கேட்டது.

"அண்ணாத்தே, கால்சட்டைய கழட்டி அதுலியே கத்திரிக்கா வாங்கிகினு வர்றியே, மானம் போவுது!"

அப்பா ஒரு வாரம் அந்தப் பையைத் தொடவில்லை. பிறகு எடுத்தார். தேசிங்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

எதற்காக இதெல்லாம் என்று நான் ஒருநாள் அக்காவைக் கேட்டேன். அவர் தம்பி ஊரில் வள்ளம் வைத்திருந்தார். விடுமுறைக்குப் போனபோது அக்கா கரையில் நின்று பார்த்திருக்கிறார். வலை ஏறியது. பாதி மீன், பாதி பை. அதற்கு முந்தைய வாரம் ஒரு பை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு, தம்பி ஒரு பகல் முழுக்கக் கடலில் அனாதையாகக் கிடந்திருக்கிறார்.

"இங்க வந்து ஓடையப் பாத்தேன். அதே பைதாம்ட்டி. அதே நீலம். இது அவன் வலையிலதான் போய் ஏறுமான்னு எனக்குத் தெரியாது. யாரு வலையிலயோ ஏறும்லா?"

*

வலை ஊரிலிருந்து ரயிலில் வந்தது. தம்பி கழித்துப்போட்ட நைலான் வலை. நாற்றம் தாங்காமல் பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோக, அக்கா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு எழும்பூர் வந்து சேர்ந்தார். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

கலங்கலுக்குக் கொஞ்சம் கீழே, ஓடை குறுகும் இடத்தில், குறுக்கே கட்டுவது என்று ஏற்பாடு. நகர் ஆண்கள் இரண்டு பேர் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. ஏரிக்கரையிலிருந்து தேசிங்கு வந்தார். தண்ணீரில் இறங்கியவர் அவர் ஒருவர்தான். மேல்கயிற்றை இரண்டு கரைகளிலும் முளைகளில் இறுக்கிக் கட்டினோம். அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள் மட்டும். அதைக் கட்டவில்லை.

"அடியும் கட்டிடலாமே யம்மா? பூரா உள்ளாற பூந்துகினு போவுதே," என்றார் தேசிங்கு.

"கட்டப்புடாது. தண்ணி முட்டினா அடி தானாத் தூக்கிக்கிடணும். கட்டினா ஒண்ணு வலை கிழியும், இல்ல கரை உடையும்."

நான் மறுகரையில் மேல்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பார்த்தார். இரண்டு காது வைத்து, ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் கட்டியிருந்தேன். எனக்கு வேறு முடிச்சு தெரியாது.

"என்னட்டி, வலைக்குச் சப்பாத்து மாட்டுதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவிழ்த்து அவரே கட்டினார். நான் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக அது எனக்குத் தோன்றவில்லை. நான் அப்போது எம்.ஏ. முதல் வருடம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வலையைக் கரைக்கு இழுத்து, ஒரு பழைய கித்தானில் கொட்டினோம். இரண்டு தெருவும் வந்திருந்தது. இரண்டும் மற்றதைக் குற்றம் சொல்லத்தான் வந்திருந்தது. அக்கா பிரித்துப் போட்டார். பை ஒரு பக்கம், பாக்குப் பொட்டலம் ஒரு பக்கம், பால் உறை ஒரு பக்கம். பால் உறைக் குவியல் உயர்ந்துகொண்டே போனது.

"இது யார் வீட்டுக் குப்பை?" என்றார் அப்பா, மறுகரையைப் பார்த்து.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தேசிங்கின் அக்கா, பூக்காரச் செல்வியின் தாய். தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் டப்பா ஒட்டும் வேலை. தெருவுக்கே அவர்தான் குரல்.

"எங்க ஊட்ல பாலே வாங்கறதில்ல நைனா. நாங்கல்லாம் வரட்டீ. பாலு குடிக்கிற மூஞ்சி யாரோடதுன்னு நீயே பாத்துக்கோ."

நகர் முழுக்கத் தலை குனிந்துகொண்டது. முதலில் சிரித்தது என் அம்மா. அப்புறம் கன்னியம்மாவே சிரித்தார். பாக்குப் பொட்டலக் குவியலைக் காட்டி, "இது எங்குளுது. தேசிங்கு ஒருத்தன் போட்டதே பாதி கீது," என்றார்.

அன்றிலிருந்து முறை வைத்தோம். ஞாயிறுதோறும் நகரிலிருந்து இரண்டு பேர், ஏரிக்கரையிலிருந்து இரண்டு பேர். அக்கா ஊரில் கரைவலை இழுக்கும்போது, கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் பங்கு உண்டாம். வழிப்போக்கனுக்கும் உண்டாம். இங்கே பங்கு கொடுக்க மீன் இல்லை. எனவே கருப்பட்டிக் காப்பி. அவர் பூசைக்கு ஆவடிக்குப் போய்த் திரும்பி, ஒரு குண்டானில் போட்டு எடுத்து வருவார். கயிறு பிடித்தவருக்குக் காப்பி. பிடிக்காதவருக்கு இல்லை. அதில் மட்டும் அவர் தாட்சண்யம் பார்த்ததில்லை. ஒருமுறை அப்பா கரையில் நின்று யோசனை சொல்லிவிட்டுத் தம்ளரை நீட்டினார்.

"யோசனைக்குத் தண்ணி உண்டு சார். அந்தா குடத்துல இருக்கு."

பனங்கட்டைப் பாலத்தில் ஆள் நடமாட்டம் வந்தது. கன்னியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவர் வீட்டுக்குப் போனார். இது பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது.

*

நான் படித்த பல்கலைக்கழகம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. கூவம் கடலில் சேரும் இடம் அதற்குப் பக்கத்தில். மாலையில் பாலத்தில் நின்று பார்ப்பேன். தனியாக. எனக்கு அங்கே நண்பர்கள் இல்லை.

"இன்னைக்கு வாயில என்ன கிடந்துச்சு?" என்று அக்கா தினமும் கேட்பார். ஆற்றின் வாயைச் சொல்கிறார். வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் படியில் உட்காருவேன். அநேகமாக அவர் நாள் முழுதும் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

பை கிடந்தது என்று சொல்வேன். நீலம், கறுப்பு. அவ்வளவு பெரிய ஊரின் பைகள். அதில் எங்கள் ஓடையினுடையது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் பாலத்தின் கீழே ஒரு கறுப்புப் பை போனது. எங்கள் கறிக்கடைப் பை. அதன்மேல் அச்சடித்திருந்த ஆட்டுத் தலையை எனக்குத் தெரியும். வலையைத் தாண்டி, கூவத்தைத் தாண்டி, அது கடலுக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"அடியில பூந்துருக்கும். போட்டும். நின்னது நின்னுச்சு, போனது போச்சு."

எனக்கு அது போதவில்லை. பாதி வேலை என்பது எனக்கு அந்த வயதில் பொய்யாகத் தெரிந்தது. ஒன்று எல்லாம், அல்லது எதுவும் இல்லை. நான் அப்படிப்பட்ட புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் நான்கு வருடங்களாக யாரிடமும் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மாலை, கூடாரம் அடிக்கும் இரும்பு முளைகள் நான்கை அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். தண்ணீர் முழங்காலளவு. வலைக்கு அடியில் முளைகளை அறைந்தேன். அடிக்கயிற்றை அவற்றோடு சேர்த்துக் கட்டினேன். நான்கு முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு காதுகள்.

யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். சந்தோஷமாக இருந்தேன்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன். நூலகத்தின் ஜன்னலிலிருந்து கடலில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று எங்கள் ஓடையிலிருந்து ஒரு பைகூட வராது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் வார்த்தை மாறாமல் இருக்கிறது.

ஏரி கலங்கலுக்கு மேலே வழிந்திருக்கிறது. ஏரியில் கிடந்த ஆகாயத்தாமரை முழுக்க வந்து வலையில் அடைத்திருக்கிறது. பை, தழை, சேறு. அடி தூக்கவில்லை. வலையும் கிழியவில்லை, நல்ல நைலான். தண்ணீர் பள்ளமான கரையைத் தேடியது. பள்ளமான கரை ஏரிக்கரைத் தெருவினுடையது.

நான் நாலு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கியபோது கூட்டம் தெரிந்தது. குழந்தைகளைப் பாலத்தின் வழியாக நகருக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு வீடுகளில் தண்ணீர். கன்னியம்மா வீட்டின் ஓடைப்பக்கத்து மண்சுவர் விழுந்துவிட்டது. தொழிற்பேட்டையில் நின்ற நிற்பில் நின்று வேலை செய்து கட்டிய வீடு. சுவர் விழுந்த இடத்தின் வழியாக உள்ளே ஒரு தொட்டில் தொங்குவது தெரிந்தது. அது காலியாக இருந்தது. குழந்தையை முன்பே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிறகு வரை நான் இருந்த நேரத்தை என்னால் எழுத முடியாது.

அக்கா தண்ணீரில் இருந்தார். செய்தி கேட்டு வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். மார்பளவு தண்ணீர். கையில் தையல் கத்திரிக்கோல். தேசிங்கு ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் மூழ்கி மூழ்கி எழுந்தார். நான்காவது முறை எழுந்தபோது வலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேங்கியிருந்தது அத்தனையும் ஒரே சத்தத்தோடு போனது. அத்தனை பைகளும் கடலைப் பார்த்துப் போயின.

"எவன் கட்னான் அடிய?" தேசிங்கு கரையில் நின்று கத்தினார். "முள அடிச்சு கட்டிகீறான்! எவன்டா அவன்?"

கன்னியம்மா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "எங்க ஊட்ட முக்கிட்டு உங்க கடலக் காப்பாத்துறியா நீ? இன்னா நெஞ்சு இருக்கும் ஒனக்கு?"

அக்கா கரையேறினார். புடவையில் தழை ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. இடது கையில் ஒரு துண்டுக் கயிறு. அதில் இரண்டு காதுகள் நனைந்து தொங்கின. அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நாந்தான் கட்டுனேன்," என்றார்.

என்னைப் பார்க்கவில்லை. நான் ஆறடி தூரத்தில், குடை விரித்தபடி நின்றிருந்தேன்.

*

அன்று சங்கம் எங்கள் வீட்டில் கூடியது. வலைக்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை என்று அப்பா தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். "அப்பவே நெனச்சேன், அந்தம்மா ஒத்தையா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்குதுன்னு," என்றார் ஒருவர். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

அக்கா ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். சிமெண்டும் செங்கல்லும் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார். கொத்தனாரோடு நின்று தானும் கலவை சுமந்தார். கன்னியம்மா தடுக்கவில்லை. பேசவும் இல்லை. சுவர் முடிந்த அன்று அக்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

பாலத்தில் மறுபடியும் ஆள் குறைந்தது.

நான் அவரிடம் போனது ஒரு மாதம் கழித்து. அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு மூங்கில் வளையத்தில் வலைத்துண்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நீளக் கம்பில் மாட்டும் கைவலை.

"அக்கா, அன்னைக்கு…"

"காப்பி குடிக்கியா?"

"அக்கா, நான்தான்…"

"எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சவகிட்ட வந்து என்னத்தச் சொல்லுதே? தெரியாதவியகிட்டப் போய்ச் சொல்லு. எப்பம் முடியுதோ அப்பம்."

காப்பி போட்டுக் கொடுத்தார். கயிறு பிடித்தவளுக்கு உண்டு என்றார். கேலியா, மன்னிப்பா, தெரியவில்லை. நான் குடித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் யோசித்துக்கொண்டது இது: செயலாளர் மகள் செய்தாள் என்றால் அது நகர் ஏரிக்கரைக்குச் செய்ததாகிவிடும். அவர் செய்தார் என்றால் அவர் ஒருவர் மட்டும் வெளியே நிற்பார். அவருக்குத்தான் இங்கே சொந்தம் யாரும் இல்லையே. இது என் யோசனை. யோசனைக்குத் தண்ணீர்தான் உண்டு.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவர் தனியாகப் போனார். பூசை முடிந்து வந்து, காக்கிப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைவலையோடு. கலங்கல் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக எடுப்பார். அங்கே ஏரிக்கரைத் தெரு வழியாகத்தான் போவார். கன்னியம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான். நகர்ப்பக்கமாகவும் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அவர் அதில் ஒருநாளும் போகவில்லை.

நான் மொட்டைமாடியிலிருந்து பார்ப்பேன். படிப்பு முடிந்தது. வேலை கிடைத்தது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நான்கு வருடங்கள்.

*

ஏழாம் நாள் பூசைக்கு ஆவடிக்குப் போனேன். ஒன்பது பேர் இருந்தோம். தையல் பிரிவிலிருந்து நான்கு பேர், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர், பாதிரியார், ஊரிலிருந்து வந்திருந்த தம்பி, நான். ஏரிக்கரையிலிருந்து யாரும் இல்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். தம்பி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் போலவே நீண்ட கைகள்.

"அக்காவுக்கு வலை ஒண்ணு குடுத்தனே. அது என்னாச்சு?"

"அடிக்கயித்த நான் கட்டிட்டேன். தண்ணி கரை ஏறிடுச்சு. அக்கா அறுத்துட்டாங்க," என்றேன். முதல்முறையாகச் சொன்னேன். தெரியாத ஒருவரிடம்.

அவர் மூட்டையை இறுக்கினார். "அடிய யாராச்சும் கட்டுவாவளா?" என்றார், எங்கோ பார்த்து. முடிச்சைப் போட்டுவிட்டு, "வேண்டியத எடுத்துக்கிடுங்க," என்றார். நான் கைவலையை எடுத்துக்கொண்டேன். வளையத்தில் ஒரு நீலப் பையின் கிழிசல் காய்ந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. பாலத்தைத் தாண்டி ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர். மற்ற சுவர்கள் மண். அது மட்டும் செங்கல்.

"வாம்மா. எம்மா நாளாச்சு ஒன்னப் பாத்து. இன்னா, கையில வலை?"

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். முளை, கயிறு, முடிச்சு, திங்கட்கிழமை மாலை. குடை. எல்லாம் நான்கைந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

அவர் கை நின்றது.

"அப்பொ அந்தம்மா?"

"அவங்க கட்டல."

"பின்ன இன்னாத்துக்கு நாந்தான்னு சொல்லுச்சு?"

நான் கைவலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாலு வருசம்," என்றார் கன்னியம்மா. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்டியேதான் போவும். ஒரு வாட்டி நின்னு, கன்னியம்மான்னு கூப்டுச்சு. நான் மூஞ்சத் திருப்பிகினேன். நாலு வருசம்மா." கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ போ. இப்ப ஒண்ணும் பேசாத. போய்டு."

கதவு சாத்தப்படவில்லை. அவர் உள்ளே போய்ச் செங்கல் சுவரின் பக்கமாகத் திரும்பி நிற்பது தெரிந்தது. நான் அங்கே நிற்பது தவறு என்று தோன்றியது.

இந்த மலரைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்கள் இருப்பீர்கள். தண்ணீர் விட்டவர் அவர் அல்ல. இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம் அது ஒன்றுதான். அறியாதவர்களுக்கு: அவர் உயரமாக இருப்பார். சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்வார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கலங்கல் கல்லில் ஒரு பெண், நீளக் கம்போடு, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் பேருந்திலிருந்து பார்த்திருக்கலாம். மீன் பிடிக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள்.

அக்கா, தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டேன். தாமதமாக.

கன்னியம்மா வீட்டிலிருந்து நான் கலங்கலுக்குப் போனேன். கல் வெயிலில் சுட்டது. மதியம்வரை பை எடுத்தேன். யாரும் வரவில்லை. பிறகு கைவலையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் போகாமல், ஏரிக்கரைத் தெரு வழியாகவே திரும்பி நடந்தேன்.